உறைபனியைச் செடியும் மாடும் தாங்குவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் பள்ளத்தாக்கு வயல்களில் விடியும்போது புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல் பனி உறைந்து கிடக்கும். வெயில் ஏறிய பிறகு அதே வயலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உருளைக்கிழங்குச் செடி வெந்த கீரைபோல் தொங்கி, நண்பகலுக்குள் கறுத்துவிடும். பீன்ஸ் கொடியின் கதியும் அதுவே. அடுத்த பாத்தியிலுள்ள முட்டைக்கோஸோ, காலையில் துவண்டு கிடந்தாலும், பத்து மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும். ஒரே நிலம், ஒரே இரவு, ஒரே குளிர். ஒன்று செத்தது, மற்றொன்று பிழைத்தது. காரணம் என்ன?

இதற்கு விடை தெரிந்த விவசாயி, எந்தப் பயிருக்குப் போர்வை வேண்டும், எதற்கு வேண்டாம், எப்போது தண்ணீர் விடலாம், எப்போது உரத்தை நிறுத்த வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு போகத்தின் முதலும் உழைப்பும் ஒரே இரவில் போய்விடக்கூடிய இடத்தில் இது சிறிய விஷயமல்ல.

பனி மேலிருந்து விழுவதில்லை

'பனி விழுகிறது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் உறைபனி மேலிருந்து விழுவதில்லை. இலையின் மீதே உண்டாகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலமும் செடியும் இரவில் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது கூரைபோல் நின்று அந்த வெப்பத்தில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஈரப்பதமும் குறைந்திருந்தால் வெப்பம் தடையின்றி வெளியேறும். அத்தகைய இரவில் இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே தரையிலுள்ள புல்லில் பனி உறைந்திருப்பது இதனால்தான். வெப்பமானியை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு 'இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை' என்று நிம்மதியாகப் படுப்பவர் ஏமாந்துபோவார். பயிரின் உயரத்தில், திறந்த வெளியில் வைத்துப் பார்ப்பதே சரியான அளவு.

குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் தண்ணீர்போலவே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே ஒரே ஊரில் மேட்டு வயல் தப்பிப்பதும் பள்ளத்து வயல் கருகுவதும் சகஜம். உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்கள் ஆண்டுதோறும் முதலில் வெளுப்பதற்குத் தாழ்வான நில அமைப்பும் ஒரு காரணம். சரிவின் அடியில் அடர்த்தியான வேலியோ கற்சுவரோ இருந்தால் அது அணைக்கட்டாகி, குளிர்ந்த காற்றை வயலுக்குள்ளேயே தேக்கிவிடும். வேலியின் தாழ்ந்த பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் வழி விட்டால் குளிர்காற்று வடிந்துபோகும். மழைநீருக்கு வடிகால் வெட்டத் தெரிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது.

கொல்வது எது?

செடியின் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் மெல்லிய சவ்வால் கட்டப்பட்ட ஒரு தண்ணீர்ப் பை. சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் உறையும். செல்லுக்குள் இருப்பதோ சர்க்கரையும் உப்புகளும் கலந்த சாறு. அது உறைய இன்னும் ஓரிரு டிகிரி இறங்க வேண்டும். செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் தேங்கிய நீர் அத்தனை கெட்டியானதல்ல. ஆகவே பனிக்கட்டி முதலில் சந்துகளில்தான் உருவாகும். உருவான பனிக்கட்டி பக்கத்துச் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, தான் வளரும். செல் வற்றிச் சுருங்கும்.

இங்கேதான் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் வழி பிரிகிறது. குளிருக்குப் பழகிய முட்டைக்கோஸின் செல், சுருங்கினாலும் சவ்வு கிழியாமல் காத்துக்கொள்கிறது. வெயில் வந்து பனி உருகியதும் சந்திலுள்ள தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு செல் உப்புகிறது, இலை நிமிர்கிறது. உருளைக்கிழங்கின் சவ்வு அப்படிச் சுருங்கி விரிவதைத் தாங்காது. அது கிழிந்து சாறு வெளியே கசிந்துவிடும். காலையில் 'வெந்த கீரை'போல் தெரிவது அந்தக் கசிவுதான். குளிர் திடீரென்று இறங்கி, செல்லுக்கு உள்ளேயே பனிக்கட்டி உருவாகிவிட்டால் எந்தப் பயிரும் பெரும்பாலும் பிழைக்காது.

ஆக, உறைபனி செடிக்குச் செய்வது ஒருவகையில் வறட்சி செய்யும் வேலையே. தண்ணீர் இருந்தும் செல்லுக்கு இல்லை. வறட்சியைத் தாங்கும் ஏற்பாடுகளும் குளிரைத் தாங்கும் ஏற்பாடுகளும் பல பயிர்களில் ஒன்றுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சாறு உறையத் தொடங்குவதற்கு ஒரு 'கரு'வும் தேவை. இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அத்தகைய கருவாக அமைந்து, மைனஸ் 2 டிகிரியிலேயே பனிக்கட்டியைத் தொடங்கிவைக்கிறது. கரு இல்லாத இலை இன்னும் சில டிகிரி குளிர்ந்தும் உறையாமல் நிற்கக்கூடும். இந்தக் குணத்தை நீக்கிய பாக்டீரியாவை 1987-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்ட்ராபெரியிலும் உருளையிலும் தெளித்துச் சோதித்தார்கள். நம் விவசாயி கையாளக்கூடிய முறையாக அது வந்து சேரவில்லை.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும்

உறையாத குளிரே சில பயிர்களைக் கெடுத்துவிடும். வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே பனிக்கட்டி எதுவும் உருவாகவில்லை. 13 டிகிரிக்குக் கீழே போனாலே வாழைக்குக் கேடு.

காரணத்தைச் சமையலறையிலேயே காணலாம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டியில் கட்டிதட்டிக் கிடக்கும். பக்கத்திலுள்ள நல்லெண்ணெய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் எண்ணெய்தான். கொழுப்பின் வகை வேறு. செல்லின் சவ்வும் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. வெப்பநாட்டுப் பயிர்களின் சவ்வுக் கொழுப்பு தேங்காயெண்ணெய்போல் குளிரில் விறைத்துக்கொள்ளும். விறைத்த சவ்வு வேலை செய்யாது, ஒழுகத் தொடங்கும். குளிர்நாட்டுப் பயிர்களின் சவ்வில் நல்லெண்ணெய்போல் இளகிய கொழுப்பு அதிகம். அதிலும் ஒரு விசேஷம் உண்டு: குளிர் நெருங்க நெருங்க அந்தப் பயிர்கள் தம் சவ்விலுள்ள கொழுப்பை மேலும் இளகிய வகையாக மாற்றிக்கொள்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிச் சாற்றைக் கெட்டிப்படுத்துகின்றன. சவ்வைக் காக்கும் தனிப் புரதங்களையும் உண்டாக்குகின்றன. குளிருக்குப் பிறகு அறுத்த முட்டைக்கோசும் கேரட்டும் இனிப்பாக இருப்பதற்கு இந்தச் சர்க்கரைதான் காரணம்.

உருளைக்கிழங்கும் குளிர்ந்த கிடங்கில் இதே வேலையைச் செய்கிறது. 2 முதல் 4 டிகிரியில் வைத்த கிழங்கு மாதக்கணக்கில் முளைக்காது. ஆனால் மாவு சர்க்கரையாகிவிடும். அந்தக் கிழங்கை வறுத்தால் சிப்ஸ் பழுப்பாகக் கருகும். ஆகவே விதைக்கிழங்குக்கு ஏற்ற குளிர்கிடங்கு, வறுவல் தொழிலுக்குப் போகும் கிழங்குக்கு ஏற்றதல்ல. அதற்கு 10 டிகிரிக்குக் குறையாத இடம் வேண்டும்.

பழக நாள் வேண்டும்

குளிரைத் தாங்கும் சக்தி எப்போதும் செடியில் தயாராக இருப்பதில்லை. அது நாள்பட வளர்வது. குளிர்நாடுகளில் பயிராகும் ரை என்ற தானியம், வெதுவெதுப்பான சூழலில் வளர்ந்த நிலையில் மைனஸ் 5 டிகிரியிலேயே செத்துவிடும். அதே ரையைச் சில வாரங்கள் உறையாத குளிரில் வைத்துப் பழக்கினால் மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும். விதை ஒன்றே, பழக்கம்தான் வேறு. இந்தச் சக்தி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். போவதற்குச் சில நாள் வெயில் போதும்.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் சங்கடம் இங்கே இருக்கிறது. காஷ்மீரத்தில் குளிர் படிப்படியாக இறங்கி, இறங்கிய இடத்தில் நிற்கும். பயிருக்குத் தயாராக அவகாசம் உண்டு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலோ இரவில் 0 டிகிரியும் பகலில் 20 டிகிரியும் ஒரே நாளில் வரும். பயிர் பாதி பழகிய நிலையிலேயே பனியைச் சந்திக்கிறது. நடுவில் நான்கு நாள் மேகமூட்டத்தோடு இதமாக இருந்துவிட்டு, திடீரென்று வானம் தெளியும் இரவே மிகவும் ஆபத்தானது. மேகம் கலைகிறது என்றால் அன்று மாலையே போர்வை தயாராக இருக்க வேண்டும்.

பழக்கத்தைக் கெடுக்கும் காரியங்களைத் தவிர்ப்பது விவசாயியின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் யூரியாவைத் தாராளமாகப் போட்டால் செடி தளதளவென்று கிளம்பும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இளந்தளிரின் செல் பெரியது, சாறு நீர்த்தது, சவ்வு பழகாதது. முதல் பனிக்கே அது போய்விடும். தழைச்சத்தைப் பனிக்கு ஆறு வாரம் முன்னதாகவே முடித்துவிடுவதும், சாம்பல்சத்தைக் குறையில்லாமல் கொடுப்பதும் நல்லது. தேயிலையிலும், பனி தாக்கும் பள்ளங்களில் தாமதமாகக் கவாத்து செய்தால், அதன்பின் வரும் துளிர் சரியாக உறைபனி நேரத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

முட்டைக்கோஸ், காலிபிளவர் நாற்றுகளைப் பிடுங்குவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்து, மூடாக்கை நீக்கி, இரவுக் குளிரைச் சிறிது சிறிதாகப் படவிடுவது பழைய வழக்கம். அந்த நாற்று குட்டையாக, கருநீலம் பூத்துத் தெரியும். சந்தையில் தளதளப்பான நாற்றையே பலரும் விரும்பி வாங்குகிறார்கள். பனிக்காலத்தில் நடுவதற்கு அந்தக் குட்டை நாற்றே உத்தமம். பழகிய முட்டைக்கோஸ் மைனஸ் 5 டிகிரியைக்கூடத் தாங்கும்.

உருளையை மட்டும் எவ்வளவு பழக்கினாலும் பயனில்லை. நாம் சாகுபடி செய்யும் இனத்துக்கு அந்தக் குணமே கிடையாது. மைனஸ் 2, 3 டிகிரியில் இலை போய்விடும். தென் அமெரிக்காவின் காட்டு உருளையான சொலானம் காமர்சோனி பழகினால் மைனஸ் 10 டிகிரி வரை தாங்குகிறது. இரண்டையும் கலப்பது எளிதாக இல்லாததால் அந்தக் குணம் இன்னும் நம் வயலுக்கு இறங்கவில்லை. உருளையின் பாதுகாப்பு வேறுவிதமானது: இலையை இழந்தாலும் உயிரை மண்ணுக்குள் கிழங்காகப் பதுக்கிவைத்திருக்கிறது. பெரு, பொலிவியா நாடுகளில் 3,800 மீட்டர் உயரத்தில் வாழும் விவசாயிகள் உறைபனியையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். கசப்பு உருளையை இரவில் வெளியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். 'சுன்யோ' எனப்படும் அந்த வற்றல் ஆண்டுக்கணக்கில் கெடாது.

புல்வெளியும் சோலையும்

நீலகிரியின் மேல்மலையில் சோலைக்காடு ஒரு பக்கம், வெறும் புல்வெளி ஒரு பக்கம் என்று கத்தரித்து வைத்ததுபோல் இருப்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உறைபனி முக்கியமானது. சோலை மரங்களில் பல வெப்பநாட்டு வம்சம். அவற்றின் கன்றுகள் திறந்த புல்வெளியில் முளைத்தால் பனியில் கருகிவிடும். மரக்கூரையின் கீழ் முளைத்தால் பிழைக்கும். இலைக்கூரை, மேகம் செய்யும் வேலையைச் செய்கிறது. புல்லின் தந்திரம் வேறு. அதன் குருத்து தூரின் அடியில் இருக்கிறது. மேலே காய்ந்த தாள் போர்வையாகிவிடும். நுனி கருகினாலும் மழை வந்ததும் அடியிலிருந்து கிளம்பிவிடும். காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் மட்டும் புல்வெளியில் தனியாக நின்று செந்நிறமாகப் பூக்கிறது. தடித்த பட்டையும் தோல்போன்ற இலையும் அதற்குத் துணை.

ஆப்பிரிக்காவின் கென்யா மலையில், 4,000 மீட்டருக்கு மேலே, இரவுதோறும் உறைபனியும் பகல்தோறும் கடும் வெயிலும் உண்டு. அங்கே வளரும் ராட்சத செனிசியோ என்ற செடி தன் செத்த இலைகளை உதிர்ப்பதே இல்லை. அவை தண்டைச் சுற்றிக் கம்பளிபோல் தொங்கும். நுனியிலுள்ள இலைகள் இரவில் குவிந்து குருத்தை மூடிக்கொள்ளும். அந்தச் செத்த இலைகளை உரித்துச் சோதித்தபோது செடிகள் பல மடிந்தன. 'வயல் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று பனிக்கு முன் கருகிய இலைகளை எல்லாம் அறுத்தெறிவோர் இதைக் கவனிக்கலாம்.

சோலை காட்டும் வழியைத் தேயிலைத் தோட்டங்கள் முன்பே எடுத்துக்கொண்டன. சில்வர் ஓக் நிழல் இருக்கும் இடத்தில் உறைபனியின் வேகம் குறைவு. நிழல் மரத்தை ஒரேயடியாக வெட்டி விற்றுவிட்ட பள்ளத்துத் தோட்டத்தில் சேதம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

குளிரைக் கேட்கும் பயிர்கள்

குளிரைப் பகையாகவே எண்ணவேண்டியதில்லை. ஆப்பிள், பேரி, பிளம்ஸ் மரங்கள் இலையுதிர்த்து உறங்கும்போது குளிரை எண்ணிக்கொண்டே உறங்குகின்றன. 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் மொட்டு விழிக்கும். இடையில் ஒரு வாரம் வெயில் அடித்தாலும் ஏமாந்து துளிர்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பல ஆப்பிள் ரகங்களுக்கு 1,000 மணி நேரம் தேவை. நம் மலைகளில் அவ்வளவு கிடைக்காது. எனவே குறைந்த குளிரில் விழிக்கும் பார்லின்ஸ் பியூட்டி போன்ற ரகங்களே கொடைக்கானலுக்கு ஏற்றன. இமாசலத்தில் பழம் குலுங்குகிறது என்று அங்கிருந்து கன்று கொண்டுவந்து நடுபவர் முதலில் கேட்கவேண்டியது, அந்த ரகத்துக்கு எத்தனை மணி நேரம் குளிர் வேண்டும் என்பதை.

பூண்டு நன்றாகப் பல் பிரியவும் குளிர் வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அந்தச் சூழலில் விளைவதே. முட்டைக்கோசும் சீமைக் கேரட்டும் பூப்பதற்கு ஒரு நீண்ட குளிர் வேண்டும். சமவெளியில் அவை விதை கட்டாமல், குலு பள்ளத்தாக்கு போன்ற மலைப் பகுதிகளில் விதை உற்பத்தி நடப்பது இதனால்தான். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சிறு நாற்றுக்கு இந்தக் குளிர் உறைப்பதில்லை. தண்டு பென்சில் பருமன் ஆன நாற்றுக்கு உறைக்கும். முற்றிய நாற்றை நட்டு, அது பல வாரம் குளிரில் அகப்பட்டால், தலை கட்டாமல் பூந்தண்டு கிளம்பிவிடும். நாற்றங்காலில் வயது கடந்த நாற்று மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பனி இரவில் செய்யவேண்டியவை

செடியை மூடுவதும் மண்ணை மூடுவதும் வெவ்வேறு. செடிக்கு மேலே போட்ட போர்வை, மண்ணின் வெப்பத்தைச் செடிக்குள் பிடித்துவைக்கும். செடிக்குக் கீழே பரப்பிய வைக்கோலோ, மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுத்து, இலையை இன்னும் குளிரவைக்கும். கோடைக்கு நல்லதான மூடாக்கு, உறைபனிக் காலத்தில் உருளைக்கும் பீன்சுக்கும் கெடுதல். களையெடுத்து, இறுகிய, ஈரமான மண்ணே பகலில் அதிக வெப்பத்தைச் சேமித்து இரவில் கொடுக்கும். ஆகவே பனி எதிர்பார்க்கும் நாளில் காலையிலேயே லேசாகப் பாசனம் செய்யலாம். அன்று மண்ணைக் கொத்திக் கிளற வேண்டாம்.

தேயிலைச் செடிகளை மலை மக்கள் தாகை, மிலார் போன்ற காட்டுத் தழைகளால் மூடுவது சரியான முறை. நாற்றங்காலுக்குச் சாக்கோ ஓலையோ போடலாம். இலையைத் தொடாமல் குச்சி ஊன்றி மேலே விரிப்பது மேல். தொடும் இடத்தில் குளிர் இறங்கும். சாக்கை மாலை வெயில் தணியும் முன் போட்டு, காலையில் பனி கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் மூடியே இருந்தால் மண் வெப்பம் வாங்காது.

தெளிப்பு நீர்க் கருவி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. உறைபனி தொடங்கும் முன் தெளிக்க ஆரம்பித்து, விடிந்து பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தாமல் தெளித்தால் இலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் கதை மாறும். ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 600 கலோரியை இலையிலிருந்து பறிக்கும். தெளிக்காமல் விட்ட வயலைவிட அதிகச் சேதம் வரும். இரவு முழுவதும் மின்சாரமும் தண்ணீரும் நிச்சயம் இல்லாதவர் இதில் இறங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். சூரியன் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவது எளிய வழி. திடீர் வெயிலில் வேகமாக உருகும் பாதிப்பு அதனால் குறையும்.

குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதில் பலருக்கு நம்பிக்கை உண்டு. இலையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் புகை பெரிதாகத் தடுப்பதில்லை. கிடைக்கும் சிறு நன்மை நெருப்பின் சூட்டால் வருவது. காலையில் புகை வெயிலை மறைத்து, குளிர் நீடிக்கவும் இடமுண்டு.

பட்டாணியில் இலை தப்பினாலும் பூவும் பிஞ்சும் தப்பாது. எனவே பூக்கும் சமயம் கடும்பனியில் விழாதபடி விதைப்பைத் திட்டமிட வேண்டும். உருளையில் கடைபோகத்துக் கிழங்கு பருத்த பின் இலை கருகினால் பதறி உடனே தோண்டிவிடக் கூடாது. நிலத்தில் ஈரம் தேங்காமல் பார்த்துக்கொண்டு 10, 15 நாள் விட்டால் தோல் இறுகும்; மூட்டையில் உரியாது. கருகிய தேயிலையையும் பழமரத்தையும் அன்றே வெட்டாமல், புதுத்துளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்த பிறகு உயிருள்ள இடம்வரை வெட்டலாம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்

செடி குளிரோடு குளிராகிப் பிழைக்கிறது. மாடும் ஆடும் அப்படியல்ல. எந்தக் குளிரிலும் உடம்பை 38, 39 டிகிரியில் வைத்திருந்தாக வேண்டும். அதற்குத் தீனி எரிபொருள், மயிர் போர்வை.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே வாழும் சாங்தாங்கி வெள்ளாட்டின் முரட்டு மயிருக்கு அடியில் 12 முதல் 15 மைக்ரான் அளவே உள்ள மெல்லிய பஞ்சு மயிர் குளிர்காலத்துக்கென்று வளர்கிறது. வசந்தத்தில் அது தானே கழன்றுவரும்போது சீவி எடுப்பதுதான் உலகப் புகழ் பெற்ற பஷ்மினா. அந்த ஆட்டின் காது சிறியது. வெப்பச் சமவெளியின் ஜமுனாபாரி ஆட்டுக்கோ காது ஒரு சாண் நீளம் தொங்கும். வெப்பம் வெளியேறுவதற்குக் காதும் ஒரு வாசல். குளிர்நாட்டில் வாசல் சிறிது, வெப்பநாட்டில் பெரிது. நீலகிரியிலும் தோடா எருமைக்கு, சமவெளி எருமைக்கு இல்லாத அடர்ந்த மயிர் உண்டு. மெல்லிய கம்பளி தரும் நீலகிரி செம்மறி, உள்ளூர் ஆட்டோடு சீமை இனங்களைக் கலந்து உருவானது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அது பேணப்படுகிறது.

செடிக்குச் சொன்ன பழக்கம் இங்கும் உண்டு. பகல் குறையக் குறைய மாட்டின் உடல் குளிர்கால மயிரை வளர்க்கும். வடநாடுகளில் பகல் பல மணி நேரம் குறையும். நம் பகுதியில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணிதான். இந்தச் சிறு குறிப்போடு குளிரும் சேர்ந்தே மலை மாட்டுக்கு மயிர் வளர்கிறது. சமவெளியிலிருந்து மார்கழியில் மாடு வாங்கி மலைக்கு ஏற்றினால் அது மொட்டை உடம்போடு பனியில் நிற்கும். ஆவணி, புரட்டாசியில் வாங்கி ஏற்றினால் உடம்பு பழக நாள் கிடைக்கும். செம்மறியை மயிர் கத்தரிப்பதும் பனிக்காலம் கழிந்த பின்பே இருக்க வேண்டும். புதிதாகக் கத்தரித்த ஆட்டுக்கு 25 டிகிரிக்குக் கீழே போனாலே கூடுதல் தீனி வேண்டும்.

மயிர் நனைந்தால் போர்வை போச்சு. உலர்ந்த அடர்மயிர் உள்ள மாடு 0 டிகிரியை எளிதில் தாங்கும். நனைந்தாலோ 15 டிகிரியே அதற்குக் குளிர். அந்த எல்லைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் சுமார் 2 சதம் கூடுதல் எரிசக்தி வேண்டும். கொடுக்காவிட்டால் பாலில் குறையும். பிறகு உடம்பில் குறையும். எனவே கொட்டகையில் முதல் தேவை காய்ந்த படுக்கை, இரண்டாவது காற்றுத் தடுப்பு. நான்கு பக்கமும் சாக்கு கட்டி மூடிவிட்டால் மூச்சு ஈரமும் சிறுநீர் நெடியும் உள்ளேயே தங்கி நுரையீரல் நோய் வரும். காற்று வரும் திசையை மட்டும் படுத்திருக்கும் உயரம்வரை அடைத்து, கூரை ஓரத்தில் திறப்பு விடுவதே முறை.

அசைபோடும் பிராணிகளின் இரைப்பை ஒரு அடுப்பு. வைக்கோலும் உலர்புல்லும் அங்கே புளிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. தீனி தின்ற சில மணி நேரத்துக்குப் பின் அது உச்சத்துக்கு வரும். உலர்தீவனத்தின் பெரும்பங்கை மாலையில் போட்டால் நள்ளிரவுக் குளிருக்கு அந்த அடுப்பு எரியும்.

கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போதே பழுப்புக் கொழுப்பு என்ற தனிக் கொழுப்பு உடம்பில் இருக்கிறது. நடுங்காமலேயே வெப்பம் தரும். ஓரிரு நாளில் அது தீர்ந்துவிடும். அதற்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். பனி இரவில் ஈன்ற குட்டியை முதலில் வைக்கோலால் தேய்த்துத் துடைத்து உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பன்றிக்குட்டிக்கு இந்தக் கொழுப்பே கிடையாது. அதற்கு 32 முதல் 35 டிகிரி சூட்டில் கதகதப்பான மூலை வேண்டும். கோழிக்குஞ்சுக்கும் முதல் வாரம் 35 டிகிரி தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். விளக்கின் அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் சூடு போதவில்லை. ஓரமாக ஒதுங்கி வாய் திறந்தால் அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.